அண்ணி இல்லாத வரைபடம்

அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் மேட்டுத்தெருக்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏணியக்கா என்று கேளுங்கள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகூடக் கை காட்டும். இரண்டாக மடங்குகிற அலுமினிய ஏணி அது. கீழ்ப்படி ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கும். எப்படி வளைந்தது என்று கேட்டால், "கொழுந்தன் தலையில விழுந்துச்சு. அவன் தலைக்கு ஒண்ணும் ஆகல, ஏணிதான் வளைஞ்சுது" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பல் தெரியும், கண் மட்டும் சிரிக்காது. அது ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டின் முன்னறை டிவி ரிப்பேர் கடையாக இருந்தது. புருஷன் கைராசிக்காரர். செத்துப்போன பெட்டியைக்கூடப் பேச வைத்துவிடுவார். ஆனால் மூன்றாவது படி ஏறினால் அவருக்குத் தலை சுற்றும். தெருவுக்கெல்லாம் கேபிள் டிவி இழுத்துக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட்டுச் சாமான்களை வாங்கிப் போட்டுவிட்டு, ஏணியின் அடியில் நின்று பேந்தப் பேந்த விழித்தார். புதுப்பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தள்ளுங்க" என்று ஒரே வார்த்தை சொன்னாள். ஏறினாள். அன்றைக்கு ஏறியவள்தான்.

அவள் ஏறினால் கீழே ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டுமே. புருஷனுக்கு அண்ணாந்து பார்த்தாலும் தலை சுற்றும். அதனால் கொழுந்தன் பிடித்தான். அப்போது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத பையன். அண்ணன் கையிலும் அண்ணி கையிலும் வளர்ந்தவன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை மூலையில் எறிந்துவிட்டு ஏணிக்கு வந்துவிடுவான். மேலே அவள் கம்பி முறுக்குவாள், கீழே அவன் பாடம் ஒப்பிப்பான். தப்பாகச் சொன்னால் மேலிருந்து கம்பித்துண்டு வந்து விழும்.

கேபிள் டிவி காலம் போய் இன்டர்நெட் காலம் வந்தது. பெரிய கம்பெனிகள் எல்லாம் கீழே கடைவீதியோடு நின்றுவிட்டன. மேட்டுத்தெருக்கள் பாறை மேல் கட்டியவை. வீடுகளும் குறைவு, பாறையை உடைத்துக் குழாய் பதித்தால் போட்ட காசு பேரன் காலத்தில்தான் திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து ஒவ்வொரு கம்பெனியும் கை கழுவியது. ஏணியக்கா கை கழுவவில்லை. கடைவீதியில் ஒரு கம்பெனியிடம் மொத்தமாக லைன் வாங்கினாள். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு, கம்பத்திலிருந்து கம்பத்துக்கு இழுத்துக்கொண்டே மேடு ஏறினாள். முறையாகப் பதிவும் செய்தாள். பதிவு செய்கிற ஆபீசுக்கு அவளைக் கூட்டிப்போய், கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்னவன் சின்னவன்தான். அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். ஃபீஸ் எல்லாம் ஏணி கட்டியது.

அந்தத் தொழிலின் பாடு கொஞ்சநஞ்சமல்ல. மழை பெய்தால் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். வெயில் அடித்தால் ஒயரின் தோல் வெடிக்கும். அணில் கடிக்கும். இடி இடித்தால் போதும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அக்கா, நெட் சுத்துது. வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு" என்பார்கள். "சுத்தட்டும், தலை சுத்தாம பாத்துக்கோ, வர்றேன்" என்பாள். வந்தும் விடுவாள். கோடி வீட்டு டியூஷன் டீச்சருக்குத்தான் முதல் பயம். ஆன்லைன் வகுப்பின் நடுவில் அறுந்துபோனால் டீச்சருக்கு அழுகையே வந்துவிடும். காற்று பலமாக அடிக்கிற நாளெல்லாம் ஏணியக்காவுக்கு ஒரே நினைப்பு: இந்த ஒயர் எல்லாம் பூமிக்குள் ஒரு குழாயில் ஓடினால் எவ்வளவு நிம்மதி! ஆனால் பாறையை யார் உடைப்பது? அதற்கு வேண்டிய பணத்தை அவள் கனவிலும் கண்டதில்லை.

சின்னவன் படித்து முடித்தான். பெரிய கம்பெனியில் சேர்ந்தான். கழுத்தில் அட்டை தொங்கியது, காலில் ஷூ பளபளத்தது. அப்புறம் அந்த வேலையை விட்டுச் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினான், கீழே கடைவீதியில் வீடு பார்த்துக்கொண்டு போனான். ஏணியக்கா சந்தோஷப்பட்டாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க சின்னவன், எங்க சின்னவன்" என்று ஒரே புராணம். வெள்ளை மனசுக்காரி. அந்த வெள்ளையே அவளுக்கு வினையாக வந்தது.

அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். கண்ணாடி போட்ட ஆபீசரம்மா ஒருத்தி மைக்கைப் பிடித்து, பொறுமையாக, எல்லாருக்கும் புரிகிற மாதிரிப் பேசினாள்.

"ஊருக்குள்ள கம்பெனிங்க தானா வருவாங்க. பாறையும் மேடுமா இருக்கிற இடத்துக்கு வரமாட்டாங்க, லாபம் இல்ல. அதனால குழாய் பதிக்கிற செலவுல பெரும்பங்கு அரசாங்கம் போடும். மீதிய கம்பெனி போடணும். அப்பதான் தனியார் தைரியமா முதல் போட வருவாங்க. ஆனா ஒண்ணு. ஏற்கெனவே ஒருத்தர் தொழில் பண்ற இடத்துக்கு இந்தப் பணம் கிடையாது. இருக்கிறவர் வயித்துல அரசாங்கமே அடிச்ச மாதிரி ஆயிடும் பாருங்க. யாருமே இல்லாத இடத்துக்குத்தான் குடுப்போம். வரைபடத்துல அத வெள்ளையா காட்டியிருக்கோம்."

திரையில் வரைபடம் விழுந்தது. கடைவீதி கறுப்பாக இருந்தது. அதற்கு மேலே, தன் முட்டி தேய்ந்த தெருக்கள் எல்லாம், துவைத்து உலர்த்திய துணி மாதிரி வெள்ளையாக இருப்பதை ஏணியக்கா பார்த்தாள்.

"இந்தப் பகுதியில சேவை தர்றவங்க யாரும் இல்லன்னு நேர்ல ஆய்வு பண்ணி உறுதிமொழி குடுத்த நிறுவனமே குழாய் பதிக்கவும் முன்வந்திருக்கு" என்று ஆபீசரம்மா முன்வரிசையைக் காட்டினாள். சின்னவன் எழுந்து கும்பிட்டான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் தன்னைத் தூக்கி வளர்த்த அண்ணியை மறைத்தான்! அவளைப் பதிவு செய்த ஆபீஸ் மேல் மாடியில் இருக்கிறது. இந்தத் திட்டத்தின் ஆபீஸ் அதே கட்டடத்தில் கீழ் மாடியில். மேல் மாடிக்குத் தெரிந்தது கீழ் மாடிக்குத் தெரியாது, படியிறங்கிச் சொல்ல எவருக்கும் கால் வராது. அதைத் தெரிந்துகொண்டுதான் துணிந்தான்.

பக்கத்தில் இருந்த டியூஷன் டீச்சர், "என்னக்கா இது, நீங்க இருக்கீங்களே!" என்று எழப் போனாள். ஏணியக்கா அவள் கையை அழுத்திப் பிடித்து உட்கார வைத்தாள். ஏனென்றால் ஆபீசரம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஹாலில் பாதிப் பேர் கொட்டாவி விட ஆரம்பித்திருந்த நேரம்.

"இன்னொரு விஷயம். குழாய்ல பொதுப்பணம் இருக்கு. அதனால பதிவு பண்ணின வேற யாரு வந்து கேட்டாலும் அந்தக் குழாய்ல ஒயர் விட இடம் குடுக்கணும். முடியாதுன்னு சொல்லக்கூடாது. வாடகை எவ்வளவுன்னு நாங்கதான் வைப்போம், அவங்க வைக்க முடியாது."

சின்னவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான். இந்தப் பாறைமேட்டுக்குத் தன்னை விட்டால் எவன் வரப்போகிறான் என்ற எண்ணம்.

"ஆட்சேபம் இருந்தா இப்பவே சொல்லலாம். ஒருத்தர் சொன்னாலும் போதும், விசாரிச்சு வெள்ளைய எடுத்துடுவோம்" என்றாள் ஆபீசரம்மா.

புருஷன் முழங்கையால் இடித்தார். ஹாலில் தெரிந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவன்கூட அப்போதுதான் தலையைத் தூக்கினான்.  அவள் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே சின்னவன் வீட்டுக்கு வந்தான். சமையலறை வாசற்படியில் நின்றான், உள்ளே வரவில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பேப்பர்ல போடறதுக்கு ஒரு வார்த்தை, அவ்ளோதான்."

"என்ன வார்த்தை?"

"யாரும் இல்லன்னு."

"யாரும் இல்லன்னா நான் யாரு?"

"உங்க ஸ்பீடெல்லாம் அவங்க கணக்குல வராது அண்ணி."

"ஸ்பீடையா கேட்டாங்க? ஆளு இருக்கான்னுதானே கேட்டாங்க? என்னைப் பதிவு பண்ணக் கூட்டிட்டுப் போனது உங்க தாத்தாவா?"

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"சரி விடு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. என்னை எப்ப எடுத்தாங்க? எனக்கே தெரியாம போச்சு பாரு."

நாற்காலியில் இருந்த புருஷன் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிற விஷயமா அது? நம் பேச்சில் ஒரு ஆளைப் பற்றி 'அவங்க இப்ப இல்ல' என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? மூச்சோடு இருக்கிறவளைப் பார்த்து, சோறு போட்ட கையைப் பார்த்து, 'இல்லை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. போகும்போது சமாதானம் சொல்கிறேன் பேர்வழி என்று வாயைத் திறந்தான்.

"கவலைப்படாதீங்க அண்ணி. வேலை முடிஞ்சதும் நம்ம கம்பெனியிலயே உங்களுக்கு ஒரு இடம் போட்டுத் தர்றேன். போன் எடுத்துப் பேசுற வேலை. ஏணி கீணி எல்லாம் வேணாம், உட்கார்ந்த இடத்துல இருக்கலாம்."

அவ்வளவுதான். அந்த 'உட்கார்ந்த இடத்துல' அவள் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிற ஆட்களை உலகம் பார்த்திருக்கிறது. உதைத்த பிறகு அந்த ஏணிக்கே உட்கார ஒரு நாற்காலி தருகிறேன் என்றவனை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அவன் வாயாலயே நான் இருக்கேன்னு சொல்ல வைக்கிற வரைக்கும் நான் ஏணியத் தொட மாட்டேன்" என்று கறுவினாள். அதுதான் அவளுக்கு வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

"அதுக்கு அப்பவே எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் புருஷன்.

"சொல்லியிருந்தா என்ன ஆகும்? திட்டம் நின்னுடும். அவன் வேற இடத்துல போய் வேற யாரையாவது இல்லன்னு சொல்லுவான். நான் இதே அணில் கடிச்ச ஒயரக் கட்டிட்டு அழணும்."

"அப்ப என்னதான் பண்ணப் போற?"

"பாறை உடையட்டும்" என்றாள்.

பாறை உடைந்தது. மிஷின்கள் வந்து தெருவைப் பிளந்தன. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் நடுங்கின. அரசாங்கப் பணம் ஒரே தவணையில் வராது. வேலை நடக்க நடக்கக் கொஞ்சம், கடைசியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்து பார்த்துவிட்டுப் பெரிய தவணை. நடுவில் ஆகிற செலவுக்குச் சின்னவன் வட்டிக்கு வாங்கினான். வீட்டை அடகு வைத்தான். காரையும் வைத்தான். வரப்போகிற கடைசித் தவணையில் எல்லாம் அடைந்துவிடும் என்று நம்பினான்.

இந்த வேடிக்கையைக் கேளுங்கள். தோண்டுகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தது ஏணியக்கா! "இங்க சாக்கடைக் குழாய் போகுது, கொஞ்சம் தள்ளித் தோண்டுங்கப்பா" என்று வழி காட்டியதும் அவள்தான். ஒரு இடத்தில் ஆழம் போதாமல் குழாயைப் புதைக்கப் பார்த்தார்கள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "லாரி ஏறினா நசுங்கிடும். இன்னும் இறக்குங்க" என்று சண்டை போட்டு இறக்க வைத்தாள். தன் வீட்டுக்கு அஸ்திவாரம் போடுகிறவள்கூட அவ்வளவு கண்ணும் கருத்துமாக நின்றிருக்க மாட்டாள். சூப்பர்வைசர் போய்ச் சின்னவனிடம், "உங்க அண்ணி தங்கமானவங்க சார்" என்றானாம். சின்னவனுக்கு அதைக் கேட்டதும் குற்ற உணர்ச்சிகூடப் போய்விட்டது. அண்ணி மறந்துவிட்டாள் என்று நினைத்தான். ஓடுமீன் ஓட, உறுமீன் வரும் வரைக்கும் கொக்கு வாடியிருக்கும் என்பது அவன் படித்த பாடத்தில் இல்லை போலும்.

அந்த மாதங்களில் அவள் பட்ட பேச்சு கொஞ்சமா? 'புது லைன் வரப்போகுது, முதல் சில மாசம் இலவசம்' என்று சின்னவன் போர்டு வைத்தான். வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருநாள் பல்லைக் குத்திக்கொண்டே, "என்னக்கா, இனிமே ஏணிய வித்துடலாம்ல? எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆகும்" என்றார். "வெள்ளையடிக்கத்தானே? ஏற்கெனவே ஒருத்தன் அடிச்சுட்டுப் போயிட்டான், உங்களுக்கு எதுக்கு சிரமம்" என்றாள். வீட்டுக்குள் வந்து குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.  ஏணியைச் சுவரோடு சாய்த்து வைத்தவள், சபதம் போட்டபடி தொடவே இல்லை. ரிப்பேர் வந்தால் மொட்டை மாடி வழியாகச் சுவர் ஏறிக் குதித்துப் போய்ச் சரி செய்தாள். அந்த வயசில்!

குழாய் கோடி வரைக்கும் போய்ச் சேர்ந்து, மண் மூடி, ரோடு போட்ட மறுநாள் ஏணியக்கா திட்டத்து ஆபீசுக்குப் போய், குழாயில் ஒயர் விட இடம் கேட்டாள்.

செய்தி சின்னவனுக்குப் போனதும் ஓடி வந்தான். இந்தமுறை சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டான்.

"அண்ணி, என்ன இது? நீங்களா கேட்டிருக்கீங்க?"

"ஆமா."

"நீங்க எப்படிக் கேக்க முடியும்?"

"ஏன், இல்லாதவ கேக்கக் கூடாதா?"

அவனுக்கு வேர்த்தது. இடம் கொடுத்தால், இத்தனை வருஷமாக அதே தெருவில் தொழில் பண்ணுகிறவள் என்று அவள் பதிவு சொல்லும். அவன் கொடுத்த உறுதிமொழி பொய்யாகும். கொடுக்காவிட்டால் விதியை மீறியவன் ஆவான், கடைசித் தவணை வராது. இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி அங்கும் இங்கும் நடந்தான்.

"அண்ணி, வாபஸ் வாங்கிக்கோங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். ஆபீசரம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும், தவணை வரட்டும். அப்புறம் நானே உங்களுக்கு இடம் தர்றேன்."

"காலைப் புடிக்க வேணாம். ஆபீசரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. எங்க அண்ணி இருக்காங்கன்னு."

"அதைச் சொன்னா நான் செத்தேன்."

"நான் எப்பவோ செத்துட்டேன், பழகிடும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மேல் மாடிப் பதிவைக் கீழ் மாடி இன்னும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அவன் வேறு கணக்குப் போட்டான். குழாயில் இடமில்லை, கேட்டவளுக்குத் தொழிலே கிடையாது, குடும்பச் சண்டையில் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தான். ஆபீசரம்மா பார்வையிட வருகிற நாள் வந்தது. இடம் கேட்டவள் என்பதால் ஏணியக்காவுக்கும் அந்தத் தேதியைச் சொல்லியிருந்தார்கள்.

காலையில் எழுந்ததும் அவள் சுவரோடு சாய்த்திருந்த ஏணியைத் துடைத்தாள்.

"சபதம் என்ன ஆச்சு?" என்றார் புருஷன்.

"இன்னிக்கு முடியுது" என்று தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

கோடி வீட்டு டீச்சர் மட்டும் கடைசி வரை அவள் லைனை விடவில்லை. அந்த வீட்டு வாசல் கம்பத்தில்தான் ஜாயின்ட் பெட்டி. ஆபீசரம்மா, கூட இரண்டு பேர், சின்னவன் எல்லாரும் தெருவில் மூடிகளைத் திறந்து குழாயைப் பார்த்துக்கொண்டே மேடேறி வந்தபோது, ஏணியக்கா கம்பத்தின் உச்சியில் இருந்தாள். கம்பத்தடி மேடுபள்ளமான இடம். ஏணி லேசாக ஆடியது. தலையைத் திருப்பாமல், பழைய குரலில் அதட்டினாள்.

"சின்னவனே, ஏணியப் புடி!"

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் திட்டமெல்லாம் அந்த ஒரு சத்தம்தான். ஆபீசரம்மா காதில் விழட்டும், யார் என்று அவன் பதில் சொல்லி ஆகட்டும் என்று கூப்பிட்டாள். ஆனால் பழக்கதோஷம் என்று ஒன்று இருக்கிறதே! பளபளக்கிற ஷூவோடு, கோட்டோடு, பேசிக்கொண்டிருந்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுச் சின்னவன் ஓடிப்போய் ஏணியைப் பிடித்தான். வளைந்த கீழ்ப்படியில் இடது காலை வைத்து அழுத்தினான், பள்ளிக்கூட நாளில் அழுத்தியது போலவே. அண்ணாந்து பார்த்தான். ஏணி ஆட்டம் நின்றதும் அவள் வேண்டுமென்றே, ஒயரை மேல்பக்கமாகக் கொண்டுவந்து பெட்டிக்குள் நுழைக்க ஆரம்பித்தாள்.

"அய்யோ அண்ணி, மேலேருந்து விடாதீங்க! ஒயரைத் தொங்கவிட்டுக் கீழேருந்து நுழைங்க. இந்தப் பெட்டியில எப்பவும் தண்ணி இறங்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

 நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

ஆபீசரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "எப்பவும்னா? எத்தனை வருஷமா?"

 மேலே இருந்த ஏணியக்காவுக்கு அவன் முகம் தெரியவில்லை. ஆனால் ஏணி வழியாக அவன் கை நடுங்குவது அவள் பாதத்துக்குத் தெரிந்தது. அந்தக் கையை அவளுக்குத் தெரியாதா? ஒரு கணம், ஒரே ஒரு கணம், இறங்கிப் போய் 'விளையாட்டுக்குச் சொல்றான் மேடம்' என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது. 'உட்கார்ந்த இடத்துல' என்ற சொல் உடனே ஞாபகம் வந்தது. இறங்கவில்லை.

"கேக்கறாங்கல்ல, சொல்லு" என்றாள்.

"இவங்க யாரு?" என்றாள் ஆபீசரம்மா.

"எங்க அண்ணி."

"மேல என்ன பண்றாங்க?"

"லைன் பாக்கறாங்க."

"யார் லைன்?"

தையல்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். டீச்சர் ஜன்னலைத் திறந்தாள். சின்னவன் ஏணியை விடவில்லை. விட்டால் அவள் விழுவாள், அது மட்டும் அவனால் முடியவில்லை.

"அவங்களோடதுதான். எனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடியிருந்தே இங்க அவங்கதான் இருக்காங்க" என்றான். குரல் தரையைப் பார்த்துக்கொண்டு வந்தது.

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

ஏணியக்கா மேலே நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலவும், கையில் இருந்த குறட்டை அவன் மண்டையில் போடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஒயரைச் சரியாகக் கீழ்ப்பக்கமாக நுழைத்து, பெட்டியை மூடிவிட்டு இறங்கினாள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கடைசித் தவணை நின்றது. விசாரணையில் கீழ் மாடியும் மேல் மாடியும் ஒருவழியாகப் பேசிக்கொண்டன. முன்னால் வாங்கியதையும் திருப்பிக் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்ட வழியில்லாததால் குழாயை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. "நாங்க காசு போட்டது குழாய்க்கு, அவருக்கு இல்ல. இனிமே யார் வேணா வாங்க" என்று ஆபீசரம்மா அறிவித்தாள். குழாய் தயாராக இருக்கும்போது எந்தக் கம்பெனிதான் வராது? முன்பு கை கழுவிய இரண்டு பேர் பல்லிளித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால், முதல் இடத்தில், ஏணியக்காவின் ஒயர் ஓடியது. தன் கண் முன்னால் ஆழமாக இறக்க வைத்த குழாய் அல்லவா! கழன்று போனவர்கள் திரும்பி வந்தார்கள். தையல்காரரும் வந்தார். "ஏணிய இன்னும் விக்கலைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவருக்கு இணைப்புக் கொடுத்தாள்.

சின்னவனுக்கு வீடு போயிற்று, கார் போயிற்று. ஒருநாள் காலையில் ஒரு பையோடு வாசலில் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார். தம்பியாயிற்றே.

"சாமான் ரூம்ல ஒயர் ரோலை நகர்த்திட்டுப் படுத்துக்கோ" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு அவளைத் தெரியாது. சோறு போட்டாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கும்போதெல்லாம், அந்தச் சத்தத்தை ஒரு பாட்டுக் கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வட்டிக்குக் கொடுத்தவர்கள் விடுவார்களா? ஒரு மத்தியானம் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். சின்னவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டதும் தட்டோடு எழுந்து கதவுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டான். ஏணியக்கா ஒற்றைக் கதவை மட்டும் திறந்தாள். அவன் மூச்சு விடுவது அவள் காதில் விழுந்தது. கையெடுத்துக் கும்பிட முடியாமல் தட்டைக் கும்பிடுவது போல் பிடித்துக்கொண்டு, கண்ணாலேயே கெஞ்சினான்.

"உங்க கொழுந்தன் இருக்காராம்மா?"

அவள் அவனைப் பார்த்தாள். நிதானமாக, கால் முதல் தலை வரை, ஆளை அளக்கிற மாதிரிப் பார்த்தாள். அப்புறம் வாசலுக்குத் திரும்பினாள்.

"இல்ல."

"எப்ப வருவாரு?"

"அப்படி ஒருத்தர் இங்க இல்லைங்க. இப்ப இல்ல."

அவள் சொன்ன விதத்தில் வந்தவர்களின் முகம் மாறியது. மூத்தவர் செருப்பைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, தெரியாதும்மா. சின்ன வயசாச்சே! எப்ப எடுத்தீங்க?"

"அது ஆச்சு. பள்ளிக்கூட ஹால்ல ஒரு கூட்டம் நடந்துச்சே, அன்னிக்கு" என்றாள்.

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் இழவு வீட்டில் நின்று கடன் கேட்க எந்த மனுஷனுக்கு நாக்கு வரும்? மெல்லப் படியிறங்கிப் போனார்கள். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். கதவுக்குப் பின்னால் இருந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. தப்பித்ததற்கா, தான் செத்ததைத் தன் காதாலேயே கேட்டதற்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"அண்ணி..." என்றான்.

"சாப்பிட்டு முடி" என்றாள் அவள். "முடிச்சுட்டு ஏணிய எடுத்துட்டு வா. டீச்சர் வீட்டுல நெட் சுத்துதாம்."

மிச்சச் சோற்றை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, அவன் ஏணியைத் தோளில் தூக்கினான்.